தாயைக் காட்டாத குட்டி

செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. இருட்டு பிரியும் முன்பே சுற்றுக் கிராமங்களிலிருந்து வெள்ளாடும் செம்மறியும் வந்து இறங்கிவிடும். பொங்கல், தீபாவளி, பக்ரீத் நெருங்கும் வாரங்களில் ஒரே நாளில் கோடிக்கணக்கில் வியாபாரம் நடந்தது என்று நாளிதழ்கள் எழுதும். அந்தக் கூட்டத்தில் ஆடு வாங்க வந்தவர் என்ன செய்கிறார் என்று சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். முதலில் தள்ளி நின்று நடையைப் பார்க்கிறார். கிட்டே போய் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார்: பல் போடாத குட்டியா, ரெண்டு பல்லா, நாலு பல்லா. முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை அழுத்திச் சதைப்பிடிப்பைப் பார்க்கிறார். அப்படியே தூக்கி, எத்தனை கிலோ நிற்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போடுகிறார். மூக்கு ஒழுகுகிறதா, பின்னால் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார். வளர்ப்புக்கு வாங்குகிறவராக இருந்தால் தாய் எது என்று கேட்கிறார், அதன் மடியையும் பார்க்கிறார். இத்தனைக்கும் பிறகுதான் விலைப் பேச்சு. பணம் கைமாறும்போதே கயிறும் கைமாறுகிறது.

அதே வீட்டில் பிள்ளை ஒரு நாய்க்குட்டி கேட்கும்போது நடப்பது வேறு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோனில் தேடுகிறார்கள். பொன்னிற ரோமமும் ஈரக் கண்ணுமாக ஒரு லாப்ரடார் குட்டி திரையில் வருகிறது. கடையில் கேட்ட விலையில் பாதிகூட இல்லை. 'அட்வான்ஸ் மட்டும் போடுங்க, மீதி குட்டி வந்ததும் குடுங்க' என்கிறது வாட்ஸ்அப். பல்லைப் பார்க்காமல் ஆட்டுக்குப் பணம் கொடுக்காத மனிதர், பார்த்தறியாத ஒருவரின் எண்ணுக்கு ஜிபே செய்துவிடுகிறார்.

இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏமாறுகிறவர்களுக்கு விலங்கு தெரியும், பணத்தின் அருமையும் தெரியும். சந்தை அவர்களுக்குக் கொடுத்திருந்த ஒரு காவலை, உயிரும் பணமும் ஒரே இடத்தில் நின்று கைமாறும் வழக்கத்தை, ஃபோன் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. நாய்க்குட்டி மோசடிகள் எல்லாம் அந்த ஓர் இடைவெளிக்குள்தான் குடியிருக்கின்றன என்பதே இந்தக் கட்டுரை சொல்லவரும் செய்தி.

படிப்படியாக ஏறும் கட்டணம்

மோசடியின் அமைப்பு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். வேறொரு நாட்டில் யாரோ தன் வீட்டு நாயை எடுத்த படங்கள் திருடப்படுகின்றன. விலை மலிவாக வைக்கப்படுகிறது, அல்லது 'வெளிநாடு போகிறோம், நல்ல வீட்டுக்கு இலவசமாகத் தருகிறோம், வண்டிக் கூலி மட்டும் போதும்' என்று கதை சொல்லப்படுகிறது. நம் ஊரில் இதற்கு ராணுவச் சீருடை போட்டுவிடுவதும் உண்டு: 'நான் ஆர்மியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு.' ஓர் அடையாள அட்டையின் படமும் வரும். அதுவும் திருடியது.

முதல் தொகை சிறியது. கையைக் கடிக்காத தொகையாகப் பார்த்துத்தான் கேட்பார்கள். அது போய்ச் சேர்ந்ததும் விற்பவர் பின்வாங்கிவிடுவார், போக்குவரத்து நிறுவனம் என்ற பெயரில் இன்னொரு குரல் பேசத் தொடங்கும். குட்டி விமான நிலையத்துக்கு வந்துவிட்டது, ஆனால் கூண்டு விதிப்படி இல்லை, புதிய கூண்டுக்குப் பணம் கட்ட வேண்டும், குட்டியை இறக்கிய உடனே திருப்பித் தந்துவிடுவோம். பிறகு காப்பீடு, அதுவும் திரும்ப வரும். பிறகு தடுப்பூசிச் சான்று, அதன்பின் சுங்கம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிது. எல்லாவற்றிலும் 'திரும்பக் கிடைக்கும்' என்ற சொல் இருக்கும். அந்தச் சொல்தான் கொக்கி. ஏற்கெனவே கட்டியதைக் காப்பாற்ற இன்னும் ஒரு முறை கட்டினால் போதும் என்று மனம் நினைக்கிறது. விட்ட இடத்தில் பிடிக்கப் பார்க்கும் சூதாட்டக்காரரின் மனக்கணக்கு இது. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே கட்டுகிறவர் சூதாடவில்லை. ஓர் உயிர் கூண்டுக்குள் பசியோடு கிடப்பதாக நம்பி, அதைக் காப்பாற்றப் பணம் கட்டுகிறார்.

அவருடைய இரக்கத்தைத்தான் இங்கே காசாக்குகிறார்கள். கைபேசியோ சோபாவோ வராமல் போனால் கோபம் வரும். குட்டி வரவில்லை என்றால் கவலை வருகிறது. 'காலையிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறது, பால்கூடக் குடிக்கவில்லை' என்று ஒரு செய்தி வந்தால், அருகில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் கணக்குப் பார்க்க முடியும்? பணம் கட்ட மறுத்தால் குரல் மாறும். குட்டியைக் கைவிட்டதற்காக விலங்கு வதைச் சட்டத்தில் வழக்கு வரும் என்பார்கள். அப்படி ஒரு வழக்கு வரவே வராது. பார்க்காத, கைக்கு வராத, உண்மையில் இல்லாத ஒரு குட்டியை யாரும் கைவிட முடியாது.

இந்தப் படிகளில் எத்தனை தூரம் ஒருவரை ஏற்ற முடியும் என்பதற்கு டேராடூன் வழக்கு சாட்சி. கோல்டன் ரிட்ரீவர் குட்டி ஒன்றை இணையத்தில் தேடிய ஒரு பெண், தவணை தவணையாக ஏறத்தாழ 66 லட்சம் ரூபாயை இழந்தார். உத்தராகண்ட் காவல்துறையின் சிறப்பு அதிரடிப்படை 2021-இல் பெங்களூரில் தங்கியிருந்த காமரூன் நாட்டவர் ஒருவரைக் கைது செய்தது. ஒரு நாய்க்குட்டிக்கு 66 லட்சமா என்று கேட்பவர்கள் கணக்கைத் தவறாகப் போடுகிறார்கள். அந்தப் பெண் ஒரே நாளில் 66 லட்சம் ரூபாய்க்குக் குட்டி வாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதற்கு முன் போட்ட பணத்தை மீட்கவே பணம் போட்டார்.

காமரூன் என்ற பெயர் வேறு வழக்குகளிலும் வருகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை, ருமேனியாவில் படித்துவந்த ஒரு காமரூன் இளைஞர் மீது பென்சில்வேனியாவில் வழக்குத் தொடுத்தது. போலி நாய்க்குட்டித் தளம் ஒன்று, அதற்குத் துணையாகப் போலிப் போக்குவரத்துத் தளம் ஒன்று. கொரோனாத் தொற்றைக் காரணம் காட்டியும் கூடுதல் பணம் கேட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 2022 ஏப்ரலில் கூகுள் நிறுவனமே காமரூனைச் சேர்ந்த ஒருவர் மீது கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. பாசெட் ஹவுண்ட் குட்டிகளின் படங்களைக் காட்டிப் பல போலித் தளங்கள் நடத்தினார் என்பது புகார். தென் கரோலினாவில் ஒருவர் 700 டாலரைப் பரிசு அட்டைகளாக அனுப்பி ஏமாந்தது அந்த வழக்கின் தொடக்கம். இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு நாட்டு மக்களையே சந்தேகிப்பது நியாயமில்லை. நம் நாட்டு மோசடியில் பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கு பெரும்பாலும் இந்தியர் ஒருவர் பெயரில்தான் இருக்கும். சிறு கமிஷனுக்குக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் வாடகைக்கு விட்டவர் அவர்.

சில பொய்களை வீட்டில் உட்கார்ந்தபடியே உடைக்கலாம். இந்தியாவுக்குள் பறக்கும் விமானத்தில் சுங்கம் கிடையாது. பெங்களூரிலிருந்து சென்னைக்கு வரும் குட்டிக்குச் சுங்கவரி என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து நேரே குட்டி வருகிறது என்பதும் அப்படித்தான். வணிக இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2016 ஏப்ரலில் தடைசெய்துவிட்டது. அயல்நாட்டில் இருந்துவிட்டு இங்கே குடியேறுகிறவர் தன் வளர்ப்பு விலங்குகளில் இரண்டைக் கால்நடைத் தொற்றுத்தடுப்புத் துறையின் அனுமதியோடு கொண்டுவரலாம். முகம் தெரியாத செஞ்சிக்காரருக்கு லண்டனிலிருந்து குட்டி அனுப்பும் வழி அதில் இல்லை.

பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி க்யூஆர் குறியீடு அனுப்புவது இன்னொரு கொடுமை. யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. நான்கோ ஆறோ இலக்கங்களைத் தட்டச் சொன்னாலே பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகப்போகிறது என்று பொருள். பணம் கேட்டுத் தனிநபர்கள் அனுப்பும் 'கலெக்ட்' வசதியை இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபர் முதல் நிறுத்தியிருக்கிறது. க்யூஆர் வழி திறந்தேதான் கிடக்கிறது.

விற்பவருக்கு மட்டும் தெரிந்தது

இதுவரை சொன்னது குட்டியே இல்லாத மோசடி. குட்டி உண்மையாகவே வந்து சேரும் மோசடி இதைவிடப் பரவலானது என்பது என் எண்ணம், அதில் வலியும் அதிகம். பணம் போன வீட்டில் வருத்தம் இருக்கும். குட்டி வந்து ஆறாம் நாள் ரத்தமாகக் கழிந்து செத்துப்போன வீட்டில் பிள்ளைகள் அதை வருடக்கணக்கில் மறப்பதில்லை.

பார்வோ என்ற வைரஸ்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். உடலுக்குள் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை அது எதையும் வெளிக்காட்டாமல் இருக்கலாம். விற்கிற அன்று குட்டி துள்ளும், வாலாட்டும். வாங்கி வந்து நான்காம் நாள் சாப்பிடாது, ஐந்தாம் நாள் வாந்தி, பிறகு நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல். சிகிச்சை உண்டு, செலவும் உண்டு, எல்லாக் குட்டியும் பிழைப்பதில்லை. இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், துக்கம் தாங்காமல் அதே வாரத்தில் வாங்கிவரும் அடுத்த குட்டியும் அதே முற்றத்தில் நோய்வாய்ப்படலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. விற்பவர் தரும் சிறு புத்தகத்தில் ஊசி மருந்தின் தொகுதி எண் கொண்ட ஸ்டிக்கரும் போட்ட மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பேனாவால் தேதி மட்டும் எழுதிய புத்தகத்தை நம்ப முடியாது.

வயதைக் கூட்டிச் சொல்வது இரண்டாவது ஏமாற்று. நான்கு ஐந்து வாரக் குட்டி பார்க்க அதிக அழகு, சாப்பாட்டுச் செலவும் ஊசிச் செலவும் விற்பவருக்கு மிச்சம். இங்கேதான் ஆட்டுச் சந்தையில் பழகிய கண் உதவும். நாய்க்குட்டி கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். பால்பல் மூன்றாம் வாரத்துக்கு மேல்தான் முளைக்கத் தொடங்கும், எட்டு வாரம் ஆகும்போது இருபத்தெட்டுப் பல்லும் வந்திருக்கும், சிறு இனங்களில் சற்றுத் தாமதமாகலாம். கடைவாய்ப் பற்கள் இன்னும் ஈறுக்குள் இருக்கும் குட்டியை 'ரெண்டு மாசம் முடிஞ்சிடுச்சு' என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார். ஆட்டின் பல் தெரிந்தவருக்கு இதைக் கற்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஃபோன் திரையில் வாயைப் பிளந்து பார்க்க முடியாது.

நம் ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்தக் குட்டிக்கு விலை அதிகம். அந்த இனத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி வரும் குறை என்பதை வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். செவிட்டுக் குட்டி அண்ணன் தம்பிகளைப் பார்த்துப் பார்த்து ஓடும், விளையாடும், வீடியோவில் ஒன்றும் தெரியாது. கூட்டத்திலிருந்து அதைத் தனியே எடுத்து, பின்னால் நின்று, காற்று படாத தூரத்தில் கைதட்டிப் பார்க்க வேண்டும். நேரில் போகிறவருக்கு அரை நிமிட வேலை. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்ற பெயர்களில் கலப்புக் குட்டிகளை விற்பதும் நடக்கிறது. தாயையும் முடிந்தால் தகப்பனையும் பார்த்தவரை அப்படி ஏமாற்றுவது கடினம்.

விலங்கு வணிகத்தில் அறிவு ஒரு பக்கம் மட்டும் குவிந்திருப்பது நம் கடற்கரைக்குப் புதிதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் வந்த குதிரை வணிகத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள். பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பகுதி ஆண்டு முடிவதற்குள் செத்துப்போனது. வணிகர்களோ குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை இங்கே வரவே விடவில்லை. குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்? செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் இன்றும் நிற்கும் குதிரை லாயத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்தக் கோட்டையின் நாட்டார் நாயகன் தேசிங்கு, டெல்லியில் எவரும் அடக்க முடியாத குதிரையின் மேல் தானே ஏறிக் காட்டிப் பெயர் பெற்றவன் என்று கதை சொல்கிறது. 1714-இல் இளம் வயதில் போரில் இறந்தவனைப் பற்றி மக்கள் நினைவில் வைத்துக்கொண்டது, ஒரு விலங்கைத் தன் கையாலும் காலாலும் அறிந்தவன் என்பதைத்தான்.

பொருளியலில் இதற்கு ஒரு கோட்பாடே உண்டு. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை அது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் காரணம். பொருளின் குறை விற்பவருக்கு மட்டும் தெரியும் சந்தையில், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் தருவார். நல்ல பொருள் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் விலகுவார். மட்டமானதே மிஞ்சும். தாய் நாயை ஓய்வு கொடுத்து ஈனச்செய்து, குட்டிகளை எட்டு வாரம் தாயோடு வைத்து, ஊசி போட்டு விற்கும் நேர்மையான வளர்ப்பாளரால், இல்லாத குட்டியை விற்பவரின் விலைக்குக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு முறை மலிவைத் தேடி நாம் ஏமாறும்போதும் ராஜபாளையத்தில் ஒரு நல்ல வளர்ப்பாளர் தொழிலை விடுவதற்கு ஒரு காரணம் கூடுகிறது.

அரசே நாட்டு நாய்களை வளர்த்து விற்ற இடம் ஒன்று சென்னை சைதாப்பேட்டையில் இருந்தது. அங்கிருந்த நாய்களின் நிலை குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் அதை மூடச் சொன்னது. மூடியது சரியே. ஆனால் நம்பிப் போய் நேரில் வாங்கக்கூடிய ஒரு பொது இடத்தை அதன்பின் நாம் உருவாக்கிக்கொள்ளவில்லை. அந்த வெற்றிடத்தை இணைய விளம்பரங்கள் நிரப்பிக்கொண்டன.

சட்டத்தில் இருப்பது

நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகளை மத்திய அரசு 2017 மே மாதம் வெளியிட்டது. வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஊசி போட்டு, மைக்ரோசிப் பதித்துத்தான் விற்க வேண்டும். தாய் நாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், பன்னிரண்டு மாதத்தில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: 'உங்க வாரியப் பதிவு எண் என்ன?' பதிவு உள்ளவர் சொல்லிவிடுவார். இல்லாதவர் கேட்டவர் மேல் கோபப்படுவார்.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். 'பேப்பர் உள்ள குட்டி' என்று விற்பவர்கள் சொல்வது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று. அது வம்சாவளியைச் சொல்லும். குட்டிக்கு நோய் இல்லை என்றோ விற்பவர் சட்டப்படி பதிவு செய்தவர் என்றோ அது சொல்வதில்லை. பேப்பரின் படத்தை யாரும் அனுப்பலாம். பேப்பரில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் தோலுக்கடியில் உள்ள பதினைந்து இலக்க எண்ணும் ஒன்றுதானா என்று கருவி வைத்துப் பார்க்கும்போதுதான் அந்தத் தாளுக்கு உயிர் வருகிறது. அதற்கும் குட்டி எதிரே இருக்க வேண்டும்.

ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் வணிக விதிகள் தனிநபர்கள் தங்களுக்குள் விலங்குகளை விற்பதை அனுமதிப்பதில்லை. அதனால்தான் அங்கே விலை எழுதாமல் 'இன்பாக்ஸ் வாங்க' என்கிறார்கள், விற்பனையைத் 'தத்து' என்கிறார்கள். விளம்பரமே விதியை மீறியது என்றால், ஏமாந்த பிறகு அந்தத் தளத்திடம் போய் நிற்க நமக்கு என்ன பிடிமானம் இருக்கும்?

இங்கிலாந்து இந்தச் சிக்கலை நேராகப் பிடித்தது. வேல்ஸில் ஒரு நாய்க்குட்டிப் பண்ணையில் ஓயாமல் ஈனவைத்து உருக்குலைந்த நிலையில் 2013-இல் மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால் ஒரு சட்டம் 2020 ஏப்ரல் 6-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது. வளர்த்தவரே, பிறந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். தாயைப் போல பிள்ளை என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதை அவர்கள் விற்பனை விதியாக்கிவிட்டார்கள். நம் விதிகளிலும் இந்த ஒன்று சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பண்ணைக்காரர் எதை மறைத்தாலும் தாயை மறைப்பார். வருடத்துக்கு இரண்டு முறை ஈனவைத்த தாயின் தொங்கிய மடியும் எலும்பு துருத்திய முதுகும் எந்தச் சான்றிதழையும்விடத் தெளிவாகப் பேசும்.

சட்டம் மாறும் வரை, வாங்குபவரே அதைத் தன் விதியாக வைத்துக்கொள்ளலாம். தாயைக் காட்டாதவரிடம் குட்டி வேண்டாம். 'தாய் இன்னொரு இடத்தில் இருக்கிறது', 'நீங்க ஏன் அவ்வளவு தூரம் வரணும், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே கொண்டாந்து தர்றேன்' என்பதெல்லாம் உதவியாகத் தோன்றும். வீட்டைக் காட்ட விருப்பமில்லை என்பதே அதன் பொருள். 'ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்' என்று அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் நாயைக் கொண்டுசெல்லக் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று வேண்டும் என்கின்றன. இன்ஜின் சூட்டில் இரவு முழுக்கத் தண்ணீரில்லாமல் வரும் இரண்டு மாதக் குட்டிக்கு அந்தச் சான்று யார் கொடுப்பார்?

வீடியோ அழைப்பில் பார்த்தால் போதாதா என்று கேட்கிறார்கள். குட்டியின் பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய தாளை வைத்துக் காட்டச் சொல்வது, படத்தை கூகுள் லென்ஸில் போட்டு வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுவது ஆகியவை சில ஆண்டுகளுக்கு முன்வரை நல்ல சோதனைகள். இப்போதும் சோம்பேறி மோசடிக்காரரை அவை பிடிக்கும். ஆனால் தேதித் தாளோடு குட்டி இருக்கும் படத்தைச் செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் செய்து தரும் காலம் இது. இச்சோதனைகளை, போகத் தேவையில்லாத இடங்களைக் கழித்துக்கட்ட மட்டும் பயன்படுத்துங்கள். பணம் கொடுக்கும் முடிவை அவற்றை நம்பி எடுக்காதீர்கள். செஞ்சியிலிருந்து சென்னை 150 கிலோமீட்டர், பாண்டிச்சேரி அதைவிடப் பக்கம். பன்னிரண்டு பதினைந்து வருடம் வீட்டில் வாழப்போகும் ஓர் உயிருக்காக ஒருநாள் பஸ் ஏறுவது பெரிய செலவில்லை. ராஜபாளையம் வரை போக முடியாதவர் அங்கே இருக்கும் உறவினரையோ நண்பரையோ நேரில் போய்ப் பார்க்கச் சொல்லலாம்.

போன பிறகு

பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணை அழைப்பது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்கு முன் அதை வங்கிகளின் வழியாக நிறுத்திவைக்கும் ஏற்பாடு இது. 2021-இல் வேறொரு எண்ணில் தொடங்கி, இப்போது 1930-இல் இயங்குகிறது. முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. பரிவர்த்தனை எண், விற்பவரின் ஃபோன் எண், உரையாடலின் படங்கள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். காவல் நிலைய எல்லை பற்றிய தயக்கம் வேண்டாம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும், ஏமாற்றிப் பணம் பறித்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவும் இருக்கின்றன.

நோயுற்ற குட்டியை விற்ற உண்மையான விற்பனையாளர் என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. உயிரைப் பொருள் என்று எழுதிப் புகார் கொடுப்பது கசக்கத்தான் செய்யும். ஆனாலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட வழி செய்திருக்கிறது. பெங்களூர்க்காரர் விற்றிருந்தாலும் செஞ்சிக்காரர் விழுப்புரத்தில் வழக்குப் போடலாம். குட்டி வந்த இரண்டாம் நாளே கால்நடை மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிய சீட்டு அங்கே முக்கியமான சான்றாகும்.

பெரும்பாலோர் எதுவும் செய்வதில்லை. தொகை சிறியது, 'நாய்க்குட்டிக்குப் போய் ஏமாந்தியா' என்று சிரிப்பார்களே என்ற கூச்சம் பெரியது. இணைய மோசடிகளில் 2024-இல் மட்டும் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நாய்க்குட்டிக்காகப் போன ஆயிரங்கள் அந்தக் கடலில் ஒரு துளி. அந்தத் துளியைப் புகாராக எழுதாவிட்டால் அதே கணக்கு எண் அடுத்த வாரம் வேறொரு வீட்டின் பிள்ளைக்குக் குட்டி காட்டும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இரக்கப்பட்டதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை நாய்க்குட்டி கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். ஃபோனைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் அந்தப் பிள்ளையைச் சந்தைக்குக் கூட்டிப்போங்கள். ஆட்டின் பல்லைப் பார்க்கும் ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் நிற்கவிடுங்கள். 'தாத்தா, என்ன பாக்கறீங்க?' என்று பிள்ளையே கேட்கட்டும். அவர் சொல்லிக்கொடுப்பார்.